நடை எண் ஒன்று

அந்த வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் சமையல், ஒன்றில் குடும்பம், ஒன்றில் கலை. ஜன்னல் இருந்தது கலையின் அறையில்தான். கணினித் திரையில் வெளிச்சம் பட்டால் நிறம் தப்பாகத் தெரியும் என்று அந்த ஜன்னலுக்கும் கறுப்புத் துணி அடித்து வைத்திருந்தார் படக்காரர். ஆகவே ஜன்னல் இருந்தும் அந்த வீட்டுக்குக் காற்று இல்லை. மழைக்காலத்தில் நனைந்த துணிகள் சமையலறைக் கொடியில் தொங்கி, வெங்காய வாசனையோடு காயும்.

படக்காரர் என்பது தெரு வைத்த பெயர். அவர் தம்மைச் சொல்லிக்கொள்வது 'சுயாதீன அனிமேஷன் கலைஞர்' என்று. அவர் மனைவியின் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு கிரீஸ் பூசுகிறவர். அவர் ஒருநாள் கேட்டார்.

"சுயாதீனம்னா என்ன மாப்ள?"

"யாருக்குக் கீழயும் வேலை பாக்கறதில்ல, மச்சான்."

"யாரும் வேலை குடுக்கலன்னு சொல்றதுக்கு இவ்ளோ அழகா ஒரு வார்த்தை இருக்கா? இத்தனை நாள் தெரியாமப் போச்சே எனக்கு."

மச்சான் சொன்னது முழு நியாயமில்லை. வேலை வந்துகொண்டுதான் இருந்தது. சிமெண்டு மூட்டைக்குக் கைகால் முளைத்து ஆடும் விளம்பரம், கல்யாண வீடியோவில் பறக்கும் புறாக்கள், பற்பசை விளம்பரத்துக் கிருமிகள். கிருமிக்கு முகம் வரைவதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு நல்ல பேர். ஆனால் இதையெல்லாம் அவர் இடது கையால் செய்தார். வலது கை சொந்தப் படத்துக்கு.

சொந்தப் படம் ஒன்பது வருஷமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் ஒரு நகரத்தின் குறுக்கே நடந்து போகிறாள், எதையோ தேடுகிறாள். எதை என்று கேட்டால் படக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "தேடல்தாங்க விஷயம்" என்பார். கேட்டவர்கள் மரியாதையாகப் பேச்சை மாற்றுவார்கள்.

படம் ஏன் முடியவில்லை என்றால், ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அதற்கான கருவியைச் செய்யவேண்டியிருந்தது. கடையில் கிடைக்கிற மென்பொருள் கொண்டு வரைகிறவன் கூலிக்காரன், தன் கருவியைத் தானே எழுதிக்கொள்கிறவன்தான் கலைஞன் என்பது அவர் சித்தாந்தம். படத்தில் மழை வரவேண்டும். மழை பெய்விக்கும் கருவியை ஒன்றரை வருஷம் எழுதினார். எழுதி முடித்தபின் படத்தில் மழை தேவையில்லை என்று தோன்றியது. கூட்டம் சேர்க்கும் கருவி, கூந்தல் அசைக்கும் கருவி, இந்தக் கருவிகளெல்லாம் தொலைந்துபோகாமல் பத்திரப்படுத்த இன்னொரு கருவி.

"அடுப்பு கட்டியே காலம் போகுது. உலை எப்ப வைப்பீங்க?" என்பாள் மனைவி.

"அடுப்பு சரியா இருந்தா உலை தானா கொதிக்கும்."

"தீ யாரு வைக்கறது?"

அறைக்கதவு சாத்திக்கொள்ளும்.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். போன் எடுப்பது, நேரம் குறிப்பது, வாய் வீங்கி வருகிறவர்களை உட்காரவைப்பது, பயந்து ஓடப் பார்க்கிறவர்களை நைச்சியமாகப் பிடித்து வைப்பது. மகள் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தாள். வீடு ஓடியது மேசைக்காரியின் காலில்தான். அந்தக் கால்தான் சரியில்லை.

இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று படக்காரரின் பெரிய கணினியை இரண்டு பேருமாக மாடிக்குத் தூக்கினார்கள். அவர் மேலே, அவள் கீழே. வளைவுப் படியில் அவளுக்குக் கால் இடறியது. விழும்போது பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடது இடுப்பு படிமுனையில் படும்படி விழுந்தாள். "நல்லவேளை, ஒரு கீறல் இல்ல" என்றார் படக்காரர். பெட்டியைத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவள் நடையில் ஒரு சிறு இழுப்பு. இடது காலை வைக்குமுன் ஒரு கணம் நின்று, தரையிடம் அனுமதி கேட்டுவிட்டு வைப்பதுபோல.

சொந்தப் படத்தின் நாயகிக்கு நடை தேவைப்பட்டபோது அவர் அதைத்தான் கேட்டார்.

"உன் நடையில ஒரு தயக்கம் இருக்கு பாரு, அதுதான் உயிர். எந்த நடிகைக்கும் வராது."

அவள் சிரித்தாள். பிறகு தலை குளித்தாள். நல்ல உடை எடுத்து உடுத்திக்கொண்டாள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கம்பிக்கும் நடுவே அந்தச் சாயங்காலம் முழுக்க நடந்தாள். அவர் காமிராவில் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. போதும் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கீழே இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தன் ஊனத்திலும் ஒருத்தருக்கு ஓர் அழகு தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டாள். ஒன்பது வருஷப் படத்தில் முடிந்தது அந்த ஒரு காட்சி மட்டும்தான்.

அந்த நடையிலிருந்துதான் நடைக் கருவி பிறந்தது. எந்த உருவத்தை வரைந்து கொடுத்தாலும் அதை நடக்கவைக்கும் கருவி. போலீஸ்காரன் நடை, குடிகாரன் நடை, குழந்தை நடை என்று பின்னால் பல சேர்ந்தன. பட்டியலின் தலையில் நின்றது முதலில் செய்தது: 'நடை எண் ஒன்று'. கலை எல்லாருக்கும் பொது என்று அந்தக் கருவியை இலவசமாக இணையத்தில் விட்டார் படக்காரர். உலகமெங்கும் உள்ள அனிமேஷன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அவசரக்காரர்கள். பட்டியலைப் பிரித்து யார் தேடுவார்கள்? பொத்தானை அழுத்தினால் எது முதலில் வருகிறதோ அதுவே போதும்.

*

பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் சுவரில் ஒரு டிவி உண்டு. உள்ளே பல் துளைக்கிற சத்தம் கேட்காமலிருக்க டாக்டர் அதைச் சத்தமாக ஓடவிடுவார். ஒரு நாள் கழிப்பறை கழுவும் திரவத்துக்குப் புது விளம்பரம் வந்தது. குண்டு வாத்து ஒன்று, இறக்கைக்குள் புட்டியை இடுக்கிக்கொண்டு, கழிப்பறைக் கோப்பையின் விளிம்பைச் சுற்றி நடக்கிறது. ஓர் அடி, ஒரு நிறுத்தம், இடுப்பு இறங்குகிறது, இன்னோர் அடி. பின்னணியில் 'பக் பக்' என்று ஒரு தாளம்.

குழந்தைகள் சிரித்தார்கள். கன்னம் வீங்கிய பையன் ஒருவன் வலியை மறந்து எழுந்து வாத்தாக நடந்து காட்டினான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. டாக்டர் கூப்பிட்டார். சிரிப்போடேயே எழுந்து மேசையிலிருந்து உள்ளறைக்கு நடந்தாள்.

பின்னால் சிரிப்பு நின்றது. வாத்தாக நடந்த பையன் தன் அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னான். வீங்கிய வாயால் சொன்ன ரகசியம் அறை முழுக்கக் கேட்டது.

"ம்மா, வாத்து ஆன்ட்டி."

அம்மா அவன் தொடையைக் கிள்ளினாள். எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள். டிவியில் அந்த நேரம் பார்த்து மறுபடி அதே விளம்பரம்.

மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். சோறும் முட்டையும். மூடி வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கலையறையின் கதவைத் தட்டவில்லை, திறந்தாள்.

"என்னங்க, அந்த வாத்து என்னை மாதிரி நடக்குது."

படக்காரர் நாற்காலியோடு திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"கண்டுபிடிச்சுட்டியா? நானே சொல்லணும்னு இருந்தேன். வாத்து மட்டுமா? பாங்க் விளம்பரத்துல ஒரு யானை வருதே, அதுவும் நீதான். வெளிநாட்டுக் குழந்தைங்க சீரியல்ல ஒரு உருளைக்கிழங்கு நடக்குது. அதுவும் நீ!"

"உருளைக்கிழங்கா?"

"நாப்பது நாட்டுல ஓடுதும்மா. எந்தப் பொம்பளைக்குக் கிடைக்கும் இது?"

"என்கிட்ட கேட்டீங்களா?"

"நீதானே நடந்து குடுத்த?"

"உங்க படத்துக்கு நடந்தேங்க. அந்தப் பொம்பளைக்கு நடந்தேன். கக்கூஸ் மேல சுத்தறதுக்கு நடக்கல."

"உணர்ச்சிவசப்படாத. அது ஒரு டிஃபால்ட் செட்டிங். பட்டியல்ல முதல்ல இருக்கு, அவ்வளவுதான். வேணும்னு யாரும் உன்னை எடுக்கல."

அவரைப் பொறுத்தவரை அது ஆறுதல். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்துடுங்க அதை."

"வெளிய போயிடுச்சும்மா. எய்த அம்பைத் திரும்ப வாங்க முடியுமா?"

"எய்யறதுக்கு முன்னாடி என் காலுன்னு தோணலியா?"

"கலைஞனுக்கு உன் கால், என் கால்னு கிடையாது."

சமையலறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அப்ப உன் காலை வச்சு எடுத்திருக்கலாம்லப்பா!"

*

இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். மூட்டை மாற்றிவிட்டால் நேராக நடக்கலாம். தள்ளிப்போட்டால் எலும்பு இன்னும் கரையும், அப்புறம் மாற்றியும் பயனில்லை. அங்கே வரிசை பெரிது. ஒரு தேதி கைக்கு வருவது குதிரைக்குக் கொம்பு முளைக்கிற மாதிரி. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று ஒவ்வொன்றுக்கும் அண்ணன்தான் பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். படக்காரருக்கு அந்தந்த நாளில் ஏதாவது ஒரு கிருமியை முடித்துக்கொடுக்கவேண்டியிருந்தது. கடைசியில் தேதி வந்தது. அவள் அதை யாரிடமும் சத்தமாகச் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று.

அந்தச் சமயத்தில்தான் விளம்பரக்காரர் வந்தார். வாத்தைச் செய்த நிறுவனத்தின் தலை அவர். தாடியைப் பார்த்தால் ஞானி, சட்டையைப் பார்த்தால் சுற்றுலாப் பயணி. இரண்டு மாடி ஏறி வந்த மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அடங்கியதும் பேச ஆரம்பித்தார். அது அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"கழிப்பறைன்னா வெறும் கழிப்பறையா சார்? இல்ல சார். அது ஒரு நம்பிக்கை. மனுஷன் தனியா இருக்கற ஒரே இடம். அந்தத் தனிமைக்குள்ள நம்ம வாத்து போகுது. எப்படிப் போகுது? தயங்கித் தயங்கிப் போகுது. ஜனங்க அழறாங்க சார்."

"விளம்பரத்தைப் பாத்தா?" என்றாள் மகள்.

படக்காரர் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆன்மாவைச் சொல்றார்" என்றார்.

"அதேதான். ஆன்மா. இப்ப அந்த ஆன்மாவை வச்சு முழு சீரியலே பண்ணப்போறோம். நீங்கதான் டைரக்ஷன். டைட்டில்ல முதல் பேர் உங்க பேர்."

படக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒன்பது வருஷமாக ஒரு படத்திலும் வராத பேர்.

அப்போது அவள் டீ கொண்டுவந்தாள். தட்டில் கோப்பைகள் ததும்பாமலிருக்க மெதுவாக வந்தாள். மெதுவாக வந்தால் இழுப்பு இன்னும் நன்றாகத் தெரியும். விளம்பரக்காரர் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். கையைத் தட்டினார்.

"சார்! லைவ்!"

படக்காரர் வெட்கத்தோடு சிரித்தார், ஏதோ அவரே பெற்று வளர்த்த நடை போல.

"மேடம், நீங்கதானா? வணக்கம், வணக்கம். சீரியலுக்கு நீங்க ஓடணும். படி ஏறணும், இறங்கணும். குதிக்கணும். ரெண்டு மூணு தடவை விழணும், அது காமெடிக்கு. எல்லாத்தையும் இவர் படம் பிடிச்சு வாத்துக்குப் போட்டுருவார்."

"எனக்கு ஆபரேஷன்ங்க. அடுத்த வாரம்" என்றாள் அவள். "இடுப்பு மாத்தறாங்க."

விளம்பரக்காரர் கையிலிருந்த கோப்பை தட்டில் இறங்கியது.

"ஐயையோ. சரி பண்ணிடப்போறீங்களா?"

*

"ஒரு மாசம்" என்றார் படக்காரர், தாடி படியிறங்கிப் போனதும். "ஒரே ஒரு மாசம் தள்ளிப்போடு. ஆபரேஷன் ஆச்சுன்னா அந்த நடை போச்சு. அப்புறம் தலைகீழா நின்னாலும் வராது."

"வரக் கூடாதுன்னுதான் போறேன்."

"புரிஞ்சுக்கோ. இத்தனை வருஷம் பொறுத்த வலிதானே? இது என்ன புதுசா?"

அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

செய்தி கேட்டு அண்ணன் வந்தார். கையில் கிரீஸ் கறை போகவில்லை.

"ஏன் மாப்ள, தேதி போனா அடுத்த தேதி எப்பன்னு தெரியுமா உங்களுக்கு?"

"இது அவ நல்லதுக்கும்தான் மச்சான். அவளோட கலை இது."

"கக்கூஸ் கழுவற வாத்து கலையா?"

"உங்களுக்கு அது வாத்து. எனக்கு அது ஒரு அசைவு."

"எனக்கு லிஃப்ட் ஒரு அசைவு. நின்னுபோச்சுன்னா உள்ள மாட்டினவங்களை இறக்கிவிட்டுட்டுத்தான் மறுவேலை. ஆஹா, என்ன அழகா நிக்குதுன்னு போட்டோ எடுத்துட்டு நிக்க மாட்டேன்."

"உங்ககிட்ட பேச முடியாது மச்சான்."

"பேசாதீங்க. என்கூடப் பொறந்தவகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. வலிக்குதான்னு கேளுங்க. அதுக்கு ஒரு கருவி இருந்தா எழுதுங்க."

அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "தேதி தேதிதான். விடுண்ணா" என்றாள். அதற்குப்பின் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. படக்காரர் ஒத்துக்கொண்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

மறுநாள் மகள் செருப்பு அலமாரியில் செருப்பு தேடினாள். இரண்டு ஷூவுக்கு நடுவே அப்பாவின் போன் நின்றுகொண்டிருந்தது. படம் பிடித்தபடி, படிக்கட்டைப் பார்த்தபடி.

"ப்பா! அம்மாவை வேவு பாக்கறியா?"

"கத்தாதடி. ரெஃபரன்ஸ். பாத்து வரையறதுக்கு."

மனைவி இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றிலிருந்து அவர் கண்ணெதிரில் அவள் நடப்பதில்லை. அவர் அறையிலிருந்து வெளியே வந்தால் எங்கே இருக்கிறாளோ அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். வெங்காயக் கூடை பக்கத்தில் இல்லையென்றால் மகளை எடுத்துத் தரச் சொல்வாள். அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்கமாட்டாள். ஒரு சாயங்காலம் பால் வழிந்து, தீ அணைந்து, கேஸ் நாற்றம் வரும்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவர்தான் எழுந்து கேஸை மூடினார்.

"என்ன, இவ்வளவு சோம்பேறியாயிட்ட?" என்றார்.

*

ஆஸ்பத்திரிக்குப் படக்காரரும் வந்தார். அதைச் சொல்லவேண்டும். அண்ணன் பைக்கை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். மகளுக்குப் பரீட்சை. ஆபரேஷன் அறைக்கு வெளியே தள்ளுவண்டியில் பச்சைப் போர்வைக்குள் அவள் படுத்திருந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். சங்கடமாக இருந்தது அவருக்கு. பக்கத்தில் சும்மா நிற்கப் பழக்கமில்லை.

"பயப்படாத" என்றார்.

"பயமில்லைங்க."

"முடிஞ்சதும் நேரா நடப்ப."

"ம்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. அது தனக்காகவா, போகப்போகிற நடைக்காகவா என்று அவளுக்குத் தெரியவில்லை. தனக்காக என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கையை நீட்டி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் ஓர் அட்டையோடு வந்தாள். வயசானவள், தூக்கமில்லாத கண்.

"சார், இங்க ஒரு வழக்கம். பேஷன்ட்டைக் கேப்போம், கூட வந்தவங்களைக் கேப்போம், அப்புறம் டாக்டர் மையில போட்ட குறியைப் பாப்போம். மூணும் ஒண்ணா இருந்தாத்தான் உள்ள தள்ளுவோம். நீங்க வீட்டுக்காரரா? இந்தாங்க, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும். முதல்ல நீங்க சொல்லுங்க, எந்தப் பக்கம் ஆபரேஷன்?"

படக்காரர் நிமிர்ந்தார். அந்த இழுப்பைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கிடையாது. துண்டு துண்டாக, நொடியை இருபத்துநாலாகப் பிரித்து, வருஷக்கணக்காகப் பார்த்தவர். இந்த ஆஸ்பத்திரியின் டாக்டர்கள்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

"வலது இடுப்பு" என்றார். கேட்டதற்கு மேலும் சொன்னார். "காலை ஊன்றதுக்கு முன்னாடி அது ஒரு இம்மி இறங்கும். அப்பதான் அந்தத் தயக்கம் வரும்."

பிடித்திருந்த விரலை அவள் விட்டாள்.

நர்ஸ் போர்வையை விலக்கிப் பார்த்தாள். இடது இடுப்பில் பெரிய நீல வட்டம். மறுபடி மூடினாள்.

"சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? வலதுதான். தினம் பாக்கறேன்."

"டாக்டர் இடதுல போட்டிருக்கார்."

படக்காரரின் கை அந்தரத்தில் எழுந்தது. ஒரு திரை எதிரில் இருப்பதுபோல விரலால் இப்படியும் அப்படியும் நகர்த்தினார். முகம் மெல்லத் தெளிந்தது.

"ஆ… அது ஒண்ணுமில்ல சிஸ்டர். மாடியில எடுத்தப்போ ஒரு பக்கம் தண்ணித்தொட்டி, அங்கேருந்து காமிரா வைக்க முடியல. படத்துல அவ இடமிருந்து வலமாத்தான் நடக்கணும். அதனால திருப்பிப் போட்டுட்டேன். கண்ணாடியில பாக்கற மாதிரி. இடது வலதாயிடும். அதுலதான் இத்தனை வருஷமா வேலை பாத்தேன். அந்தக் கணக்குல நான் சொன்னது சரிதான்."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தள்ளுவண்டியின் மேல் குனிந்தாள்.

"என்னம்மா சொல்றார் இவர்?"

"அது வாத்தோட கால் சிஸ்டர்" என்றாள் அவள். "எனக்கு இடது. வெளிய எங்கண்ணன் இருப்பார், கையில கிரீஸ் கறை இருக்கும். அவரைக் கேட்டு எழுதிக்கங்க."

நர்ஸ் படக்காரரின் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.